ஹோம் தியேட்டர் பிசி கட்டப் போகிறேன், இந்தப் பட்டியல் தேறுமா?

வெள்ளித்திரை

வணக்கம். டிவிக்குக் கீழே வைக்க ஒரு பிசி கட்ட வேண்டும். மனதில் இருக்கும் பட்டியல்: ரைசன் 5 5600ஜி, கூடவே ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 32 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ, 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, 750 வாட் பவர் சப்ளை, நடுத்தர டவர் கேஸ். விண்டோஸ் 11 போட்டு அதன் மேல் கோடி என்ற ப்ளேயர் மென்பொருள்.

டிவி 4கே எச்டிஆர், டால்பி விஷனும் உண்டு. ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் பழசு, எச்டிஎம்ஐ 1.4 காலத்தது, ஆனால் 7.1 ஸ்பீக்கரோடு ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற இழப்பில்லா ஒலி வடிவங்கள் இரண்டையும் நன்றாகவே பிரித்துக் கொடுக்கிறது, அதை மாற்ற மனமில்லை. பார்க்கப் போவது: என் வட்டுகளிலிருந்து எடுத்து வைத்த படங்கள், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரியான ஓடிடி, யூடியூப். அல்ட்ரா எச்டி ப்ளூரே டிரைவும் ஒன்று போட்டால் எல்லாம் ஒரே பெட்டியில் முடிந்துவிடும் என்று ஆசை.

இரண்டே நிபந்தனை. சத்தம் கேட்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் ரிமோட்டிலேயே இயக்க வேண்டும், கீபோர்டை நீட்டினால் என்னைத் தவிர யாரும் தொட மாட்டார்கள்.

மௌனப்பெட்டி

பட்டியலைப் பார்த்தால் கேம் ஆட வாங்கும் பிசி மாதிரி இருக்கிறது நண்பரே. படம் ஓட்டுவதற்கு ப்ராசசரின் வேகம் கிட்டத்தட்ட தேவையே இல்லை. 4கே படத்தைப் பிரிக்கும் வேலையைச் செய்வது கிராஃபிக்ஸுக்குள் இருக்கும் தனி டிகோடர், அதில் எந்தெந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கேதான் உங்கள் பட்டியல் இடிக்கிறது. 5600ஜியில் இருப்பது பழைய வேகா கிராஃபிக்ஸ், அதில் ஏவி1 என்ற புதிய கோடெக்குக்கு டிகோடர் இல்லை. சரி, அதற்குத்தான் தனி கார்டு என்றால், ஜிடிஎக்ஸ் 1650இலும் ஏவி1 இல்லை. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில்தான் அது வந்தது. இரண்டு கிராஃபிக்ஸுக்கும் காசு கொடுத்துவிட்டு, யூடியூப் ஏவி1இல் அனுப்பும் 4கே வீடியோவை ப்ராசசர் தலையில் கட்டிவிட்டு ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்டெல் என்றால் 11ஆம் தலைமுறையிலிருந்து ஏவி1 டிகோடர் உண்டு. 4கே படங்களில் வரும் எச்இவிசி 10 பிட் கோடெக் அதற்கு முன்பே, 7ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. 2023இல் வந்த என்100 சின்னஞ்சிறு சிப், நாலு கோர், 6 வாட் என்று இன்டெல் குறித்திருக்கிறது, ஆனால் எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 மூன்றையும் 4கேயில் வியர்க்காமல் பிரிக்கும். ஹீட்சிங்க் மட்டும் வைத்து ஃபேனே இல்லாமல் ஓட்டலாம். கொஞ்சம் தெம்பு வேண்டும் என்றால் ஐ3-12100. ஏஎம்டிதான் வேண்டும் என்றால் ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசைக்குப் போங்கள், அதன் உள்கிராஃபிக்ஸில் ஏவி1 உண்டு.

ரேம் 8 ஜிபி போதும், 16 தாராளம். 750 வாட் சப்ளையில் 20, 30 வாட் இழுக்கும் பிசியைப் போட்டால் அந்த சப்ளை தன் திறன் வளைவின் அடிமட்டத்திலேயே கிடக்கும். சின்ன எஸ்எஃப்எக்ஸ் சப்ளையோ, என்100 என்றால் வெளி அடாப்டரோ போதும்.

ஹார்ட் டிஸ்க்கை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். ஃபேனைக்கூட அடக்கிவிடலாம், டிஸ்க்கின் தலை நகரும்போது வரும் அந்த கறக் கறக் ஓசையும், மரப்பலகை வழியாக ஏறும் அதிர்வும் படத்தின் மௌனக் காட்சியில்தான் சரியாக வந்து நிற்கும். டிஸ்க்குகளை வேறு அறையில் ஒரு நாஸில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வைத்துவிட்டு கேபிள் இழுங்கள்.

சும்மா_பார்ப்பவன்

எதற்கு இவ்வளவு பாடு? ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கி டிவியில் சொருகினால் அஞ்சு நிமிஷத்தில் படம் ஓடுமே. 2025லும் பிசி கட்டுவது பொழுதுபோக்கு என்றால் சரி, தேவை என்று சொல்லாதீர்கள்.

புரொஜெக்டர்_பித்தன்

மௌனப்பெட்டி சொல்வதோடு ஒத்துப்போக முடியவில்லை. கார்டே வேண்டாம் என்பது சாதாரண டிவிக்காரர்களுக்குச் சரி. மேட்விஆர் என்ற வீடியோ மென்பொருள் போட்டு எச்டிஆர் டோன் மேப்பிங் (ஒளி அளவைத் திரைக்கேற்பச் சுருக்குவது) பார்த்தவன் திரும்பிப் போக மாட்டான். எச்டிஆர் படங்களை 1000 நிட்ஸ் (பிரகாசத்தின் அலகு), சிலவற்றை 4000 நிட்ஸ் திரையை மனதில் வைத்து மாஸ்டர் செய்கிறார்கள், புரொஜெக்டரின் திரையில் 100 நிட்ஸ் வந்தாலே அதிகம். அந்த இடைவெளியை ஒவ்வொரு ஃப்ரேமாக அளந்து சுருக்கினால்தான் மேகமும் வெயிலும் வெறும் வெள்ளையாகக் கரையாமல் இருக்கும். அதற்கு நல்ல கார்டு வேண்டும். டிவிடி காலத்து 480 வரிப் படங்களைப் பெரிதாக்கும்போதும் வித்தியாசம் கண்ணில் தெரியும்.

கேபிள்சிக்கல்

பித்தன் அண்ணே, அவர் வைத்திருப்பது டிவி. அதுவே டோன் மேப்பிங் செய்துகொள்ளும். உங்கள் அறிவுரை புரொஜெக்டர் வாங்கும் நாளில் தங்கம், இன்றைக்கு இல்லை.

வெள்ளித்திரை, ப்ராசசர் பேச்சை ஒதுக்கி வையுங்கள். உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்யப்போவது அந்தப் பழைய ரிசீவர். பிசி கட்டுபவர்கள் எப்போதும் பெட்டியிலிருந்து ஆரம்பித்து டிவியில் முடிப்பார்கள், நீங்கள் டிவியிலும் ரிசீவரிலும் ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள், பாதிப் பட்டியல் தானாக உதிர்ந்துவிடும்.

எச்டிஎம்ஐ 1.4 ரிசீவர் வழியாக டிவிக்குப் போனால் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, எச்டிஆர் அடியோடு கிடையாது, ஏனென்றால் எச்டிஆர் தகவல் எச்டிஎம்ஐயில் சேர்ந்ததே 2.0ஏ-வில், 2015இல். அப்படியானால் பிசியை நேராக டிவியில் சொருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ஒலியை அனுப்பலாமா என்று கேட்பீர்கள். ஏஆர்சி 1.4லேயே வந்துவிட்டது, உங்கள் ரிசீவரில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் சாதா ஏஆர்சியில் ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டியும் போகாது, சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் ப்ளஸ் வரைதான். இழப்பில்லா ஒலிக்கு இஆர்க் என்ற மேம்பட்ட ஏஆர்சி வேண்டும், அது இரண்டு பக்கமும் வேண்டும், டிவியில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. தவிர டிடிஎஸ் ஒலியை உள்ளே வாங்கவே மறுக்கும் டிவிகளும் நிறைய உண்டு.

மிச்சமிருப்பது இரட்டைக் கேபிள் வழி. பிசியில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு இருக்க வேண்டும். ஒன்று நேராக டிவிக்கு, படம் மட்டும். இன்னொன்று ரிசீவருக்கு, ஒலிக்காக. விண்டோஸுக்கு ரிசீவர் இரண்டாவது மானிட்டர் மாதிரி தெரியும். அதை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் அனுப்ப முடியாது, எச்டிஎம்ஐயில் ஒலி தனிக் கம்பியில் போவதில்லை, படத்தின் வரிகளுக்கும் ஃப்ரேம்களுக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் ஏறித்தான் போகிறது, படம் இல்லையென்றால் ஒலியும் இல்லை. அதனால் அந்தப் பொய் மானிட்டரை 1080 வரியில் ஓடவிடுங்கள். 480 வரியில் வைத்தால் காலி இடம் குறைந்து ட்ரூஎச்டிக்கு இடம் பத்தாது. விண்டோஸ் திரை அமைப்பில் அதை டிவிக்குக் குறுக்கு மூலையில் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் அம்பு அடிக்கடி அங்கே போய்த் தொலைந்துவிடும்.

வெள்ளித்திரை

இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் கார்டு வேண்டாம், இரண்டு எச்டிஎம்ஐ உள்ள என்100 போர்டு போதும், சரியா? நெட்ஃப்ளிக்ஸ் 4கே அதில் வருமா?

கேபிள்சிக்கல்

போதும். ஆனால் வாங்கும் முன் போர்டின் கையேட்டில் இரண்டு எச்டிஎம்ஐயும் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், ஒன்று 2.0 ஆகவும் மற்றது 1.4 ஆகவும் வைத்துவிட்டு அட்டைப்பெட்டியில் 4கே என்று மட்டும் போடுபவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி இருந்தாலும் ஓடும், 2.0ஐ டிவிக்குக் கொடுத்தால் சரி. பழைய பிசியை இரண்டாம் கையாக வாங்குவதானால் இன்னொரு கவனம்: இன்டெல் 10ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வரை உள்கிராஃபிக்ஸின் சொந்த எச்டிஎம்ஐ 1.4தான், போர்டு செய்தவர் ஒரு மாற்றுச் சிப் வைத்தால்தான் 2.0 கிடைத்தது.

நெட்ஃப்ளிக்ஸ் கேள்வி நல்ல கேள்வி, பதில்தான் கசப்பு. விண்டோஸில் 4கே வர வேண்டும் என்றால் எட்ஜ் உலாவி அல்லது அவர்கள் ஆப், எச்இவிசி நீட்சி, எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு உள்ள திரை எல்லாம் வேண்டும். அதிலும் இணைந்திருக்கும் ஒவ்வொரு திரையும் எச்டிசிபி 2.2 ஆக இருக்க வேண்டும். உங்கள் பொய் மானிட்டர் என்கிற பழைய ரிசீவரிடம் அது இருக்காது. அதாவது ட்ரூஎச்டிக்காகப் போடும் இரண்டாவது கேபிளே ஓடிடி 4கேயைக் கெடுத்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால் பிசியில் ஓடிடி பார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். டிவிக்குள்ளேயே ஆப் இருக்கிறது, டால்பி விஷன் அங்கேதான் ஒழுங்காக வரும், ஒலி டால்பி டிஜிட்டல் ப்ளஸ்தான் என்பதால் ஏஆர்சி போதும், ரிமோட்டும் டிவி ரிமோட்டேதான். பிசி உங்கள் சொந்தப் படங்களுக்கு மட்டும். சும்மா_பார்ப்பவன் சொன்னதில் பாதி நியாயம் இதுதான்.

சும்மா_பார்ப்பவன்

பாதி என்றாலும் நன்றி :)

லினக்ஸ்வாசி

ஓடிடி இல்லை என்று முடிவாகிவிட்டால் விண்டோஸ் எதற்கு? கோடியை மட்டும் ஓட்டும் லினக்ஸான லிப்ரெஎலெக் போடுங்கள். பிசியை ஆன் செய்தால் நேராக கோடி, நடுவில் அப்டேட் கேட்டு நிற்கும் நீலத் திரை கிடையாது, மூலையில் அறிவிப்பு எட்டிப் பார்ப்பது கிடையாது. கோடி 20, அதாவது 2023 தொடக்கத்தில் வந்த பதிப்பிலிருந்து ஏவி1 வன்பொருள் டிகோடிங்கும் இருக்கிறது. இன்டெல் கிராஃபிக்ஸில் எச்டிஆரும் வருகிறது. முழு சிஸ்டமும் ஒரு பழைய யூஎஸ்பி குச்சியில் அடங்கிவிடும், பிடிக்காவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு விண்டோஸுக்குப் போங்கள்.

என்விடியா கார்டு மட்டும் வேண்டாம். லிப்ரெஎலெக்கில் அதற்குத் தனியாகப் பழைய எக்ஸ்11 இமேஜ் எடுக்க வேண்டும், அதில் எச்டிஆர் இல்லை. ஏஎம்டி பக்கமும் ஒரு முள் இருக்கிறது: திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1ஐச் சேர்க்க ஏஎம்டி கேட்டபோது எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் மறுத்துவிட்டது. படத்துக்கு 2.0 போதும் என்பதால் உங்களைப் பாதிக்காது, 4கே 120 ஹெர்ட்ஸ் கேட்கும் கேம்காரர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

கேபிள்சிக்கல்

லிப்ரெஎலெக் எனக்கும் பிடிக்கும், ஆனால் இங்கே இடிக்கும். அதில் கோடி ஒரே ஒரு திரையைத்தான் ஓட்டும். ரிசீவர் பக்கம் படம் போகவில்லை என்றால் ஒலியும் போகாது என்று மேலே சொன்னேனே. இவர் ரிசீவரை மாற்றும் வரை விண்டோஸ்தான்.

லினக்ஸ்வாசி

ஏற்றுக்கொள்கிறேன், வருத்தத்தோடு.

ஒரே_ரிமோட்

எல்லோரும் படம், ஒலி என்று பேசிக்கொண்டே போகிறீர்கள், ரிமோட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹோம் தியேட்டர் பிசி மூலைக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

டிவி ரிமோட்டிலேயே பெட்டியை இயக்குவது சிஇசி. ராஸ்பெர்ரி பையில் அது உள்ளேயே இருக்கிறது, பிசியின் எச்டிஎம்ஐயில் பெரும்பாலும் அந்தக் கம்பியை இணைப்பதே இல்லை. பல்ஸ்-எயிட் என்று ஒரு சின்ன அடாப்டர் உண்டு, பிசிக்கும் டிவிக்கும் நடுவில் உட்காரும், யூஎஸ்பியில் பிசியோடு பேசும். அல்லது ஃபிளிர்க், அது அகச்சிவப்பு ரிசீவர், ஏதாவது ஒரு ரிமோட்டின் பொத்தான்களைக் கற்றுக்கொடுத்தால் பிசிக்குக் கீபோர்டு மாதிரி தெரியும். எனக்கு ஃபிளிர்க்தான் பிடிக்கும். சிஇசியை நம்பினால் ஒரு நாள் டிவியை அணைத்தால் பிசி அணையும், மறுநாள் ரிசீவர் மட்டும் விழித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, போர்டின் பயாஸில் ஈஆர்பி என்றொரு அமைப்பு இருக்கும். அது ஆனில் இருந்தால் பிசி அணைந்தபின் யூஎஸ்பிக்கு மின்சாரம் போகாது, ரிமோட்டால் எழுப்பவே முடியாது. அதை ஆஃப் செய்யுங்கள். முழுதாக அணைப்பதைவிட ஸ்லீப்பில் விடுவது நல்லது.

இரட்டைக் கேபிளில் ஒரு தொல்லை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். டிவி முதல் போர்ட்டில் பிசியைக் காட்டும்போது, ரிசீவர் பிசி உள்ளீட்டில் இருக்க வேண்டும். ஆனால் டிவி சிஇசி மூலம் ரிசீவரை அடிக்கடி தன் ஏஆர்சி ஒலிக்கே இழுத்துக்கொண்டிருக்கும். படம் பார்க்கும்போது ரிசீவர் ரிமோட்டில் உள்ளீட்டுப் பொத்தானை ஒரு தடவை அமுக்க வேண்டியிருக்கும், இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முன்பெல்லாம் லாஜிடெக் ஹார்மனி இந்த மாதிரி வேலையை ஒரே பொத்தானில் முடித்துவிடும், 2021இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு சாதாரண கற்கும் ரிமோட்டில் மேக்ரோ எழுதிக்கொள்வதுதான் வழி.

வெள்ளித்திரை

ப்ளூரே டிரைவ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மௌனப்பெட்டி

சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்றுதான். அல்ட்ரா எச்டி ப்ளூரேவை அதிகாரப்பூர்வமாக பிசியில் ஓட்ட இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். அந்த அம்சத்தோடு இது ஓடுவது 7ஆம் தலைமுறையிலிருந்து 10ஆம் தலைமுறை வரைக்கும்தான். டெஸ்க்டாப்பில் 11ஆம் தலைமுறையிலேயே இன்டெல் எஸ்ஜிஎக்ஸை எடுத்துவிட்டது. ஏஎம்டியில் என்றுமே இருந்ததில்லை. அதாவது ஏவி1 வேண்டும் என்றால் எஸ்ஜிஎக்ஸ் இல்லை, எஸ்ஜிஎக்ஸ் வேண்டும் என்றால் ஏவி1 இல்லை. காசு கொடுத்து வட்டு வாங்கியவனைத்தான் இந்தப் பாதுகாப்புக்காரர்கள் எப்போதும் வாசலில் நிறுத்திவைப்பார்கள். வட்டை அப்படியே போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் தனி ப்ளேயர் வாங்குங்கள்.

புரொஜெக்டர்_பித்தன்

டால்பி விஷனையும் சொல்லிவிடுங்கள். பிசியிலிருந்து டிவிக்கு அதை ஒழுங்காக அனுப்புவது இன்றைக்கும் நடக்கிற காரியமில்லை. வட்டிலிருந்து எடுத்த கோப்பில் அடியில் எச்டிஆர்10 அடுக்கு இருக்கும், அதனால் அது எச்டிஆர்10 ஆக ஓடிவிடும், பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஓடிடி பக்கம் புழங்கும் ப்ரொஃபைல் 5 கோப்பில் அந்த அடுக்கு கிடையாது, டால்பி விஷன் தெரியாத ப்ளேயரில் போட்டால் முகமெல்லாம் ஊதா, புல்லெல்லாம் வேறு ஏதோ நிறம். கார்டு கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். எம்பிவி ப்ளேயரில் புதிய ஜிபியு-நெக்ஸ்ட் வெளியீட்டைப் போட்டால் நிறத்தைச் சரியாகக் கணக்கிட்டு எச்டிஆராக மாற்றிக் காட்டும்.

வெள்ளித்திரை

கடைசிப் பட்டியல், இதற்கு மேல் மாற்றப் போவதில்லை:

ஃபேன் இல்லாத என்100 பெட்டி, இரண்டும் எச்டிஎம்ஐ 2.0. 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்குகள் வேறு அறையில் நாஸில். விண்டோஸ், கோடி. ஃபிளிர்க். ஓடிடி டிவியிலேயே. டிரைவ் இல்லை.

நாஸிலிருந்து வரும் கேபிள் கிகாபிட். அது போதுமா, 2.5 கிகாபிட் போட வேண்டுமா?

மௌனப்பெட்டி

அல்ட்ரா எச்டி ப்ளூரேவின் உச்ச வேகமே விநாடிக்கு 128 மெகாபிட்தான். கிகாபிட்டில் அதுபோல் ஆறேழு படங்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம். வேடிக்கை என்னவென்றால் பல டிவிகளின் ஈதர்நெட் துளை வெறும் 100 மெகாபிட், அதனால் டிவிக்குள் இருக்கும் ப்ளேயரில் இதே கோப்பை ஓட்டினால் சண்டைக் காட்சியில் சுழல ஆரம்பித்துவிடும். பிசி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சும்மா_பார்ப்பவனிடம் சொல்லுங்கள்.

வெள்ளித்திரை

பெட்டி வந்துவிட்டது, எல்லாம் போட்டாயிற்று. சத்தம் என்று ஒன்றுமே இல்லை, ஆன் ஆகியிருக்கிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் மூன்று பிரச்சினை.

ஒன்று, கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் படம் தத்தித் தத்திப் போகிறது. இரண்டு, எச்டிஆர் படம் போட்டாலும் டிவி எச்டிஆர் என்று காட்டவில்லை. மூன்று, ரிசீவர் முகப்பில் ட்ரூஎச்டி என்று வருவதற்குப் பதில் மல்டி சேனல் பிசிஎம் என்று வருகிறது.

கேபிள்சிக்கல்

மூன்றும் அமைப்புதான், வன்பொருளில் குறையில்லை.

முதலாவது: படம் விநாடிக்கு 23.976 ஃப்ரேம், உங்கள் டிவி 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு ஃப்ரேமை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்டி ஈடுகட்டுவதால்தான் தத்தல். கோடியில் ப்ளேயர் அமைப்புக்குப் போய், திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்று என்பதைத் தொடக்கம்/நிறுத்தம் என்று வையுங்கள். அப்புறம் சிஸ்டம் அமைப்பில் வொயிட்லிஸ்ட் இருக்கிறது, அதில் 3840x2160இன் 23.98, 24, 25, 29.97, 30, 50, 59.94, 60 எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். 23.98ம் 24ம் ஒன்றுதானே என்று ஒன்றை விட்டுவிடாதீர்கள். 23.976 படத்தை 24இல் ஓட்டினால் சுமார் 42 விநாடிக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும், ஒரு சின்ன வெட்டு. பலர் கவனிக்க மாட்டார்கள், ஒரு தடவை கவனித்தவர்களுக்கு அப்புறம் படமே ஓடாது, அந்த வெட்டுக்காகவே காத்திருப்பார்கள்.

இரண்டாவது: டிவியின் அமைப்பில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனியாக மேம்பட்ட சிக்னல் என்பது மாதிரி ஒரு தேர்வு இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ஆஃபில்தான் வரும். அதை ஆன் செய்யாத வரை டிவி தனக்கு எச்டிஆர் தெரியும் என்றே பிசியிடம் சொல்லாது. அதற்குப் பிறகும் நடுநடுவே கறுப்பாகிப் போனால் கேபிளை மாற்றுங்கள், ப்ரீமியம் ஹை ஸ்பீட் என்று சான்று உள்ளதாக. 4கே 60 ஹெர்ட்ஸில் 10 பிட் முழு நிறத்தோடு 2.0இல் அடங்காது, நிறத் தகவலைக் குறைக்கும் 4:2:2க்கு இறங்கும், 24இல் முழுதாக அடங்கும், ஆகவே படத்துக்குக் கவலையில்லை.

மூன்றாவது: கோடி அமைப்புப் பக்கத்தில் கீழ் இடது மூலையில் நிலையை எக்ஸ்பர்ட் ஆக்குங்கள், அப்போதுதான் பாஸ்த்ரூ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) கண்ணில் படும். வெளியீட்டுக் கருவியில் வசாப்பி என்று தொடங்கும் ரிசீவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள், டைரக்ட்சவுண்டில் இந்த இழப்பில்லா ஒலிக்குப் பாஸ்த்ரூ கிடையாது. ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி இரண்டையும் ஆன் செய்யுங்கள். திரையோடு ஒலியை ஒத்திசை என்ற தேர்வை மட்டும் தொடாதீர்கள், அது ஆனில் இருந்தால் பாஸ்த்ரூ வேலை செய்யாது.

வெள்ளித்திரை

மூன்றும் சரியாகிவிட்டது! முகப்பில் ட்ரூஎச்டி விளக்கு எரிகிறது. ஆனால் இருட்டுக் காட்சிகள் எல்லாம் சாம்பல் பூசியது மாதிரி வெளிறித் தெரிகின்றன. முன்பும் இப்படித்தானா, இப்போதுதான் கவனிக்கிறேனா தெரியவில்லை.

புரொஜெக்டர்_பித்தன்

இது என் பேட்டை. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. பிசி பழக்கத்தில் 0 முதல் 255. பிசி லிமிடெட் அனுப்பி டிவி ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு 16இல் நின்று வெளிறும், தலைகீழாக இருந்தால் நிழலெல்லாம் கறுப்பில் மூழ்கும். இன்டெல் கிராஃபிக்ஸ் மென்பொருளில் குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்பதையும் டிவியில் கறுப்பு அளவு என்பதையும் ஒன்றுபோல வையுங்கள். எது என்பது முக்கியமில்லை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கோடியிலும் லிமிடெட் என்று ஒரு தேர்வு உண்டு, அதை ஆஃபிலேயே விடுங்கள், மூன்று பேர் சேர்ந்து திருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும்.

வெள்ளித்திரை

டிவி பக்கம்தான் ஃபுல் என்று இருந்தது. ஆட்டோவுக்கு மாற்றியதும் கறுப்பு கறுப்பாகிவிட்டது. நன்றி பித்தன்.

கடைசியாக ஒன்று. தமிழ் சப்டைட்டில் சில கோப்புகளில் கட்டம் கட்டமாகவும் சிலவற்றில் கிறுக்கல் மாதிரியும் வருகிறது.

லினக்ஸ்வாசி

இரண்டுக்கும் காரணம் வேறு. கட்டம் வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை, நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை கோடியின் எழுத்துரு அடைவில் போட்டு சப்டைட்டில் அமைப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். கிறுக்கல் வந்தால் கோப்பு யூடிஎஃப்-8இல் இல்லை, நோட்பேடில் திறந்து தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்துவிடுங்கள். அங்கேயும் கிறுக்கலாகவே இருந்தால் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார்கள், அதற்கு மாற்றி ஒன்று தேவைப்படும், கோப்பின் முதல் நாலு வரியை இங்கே ஒட்டுங்கள், எந்தக் குறியாக்கம் என்று பார்க்கலாம்.

ஒரே_ரிமோட்

அதெல்லாம் இருக்கட்டும், வீட்டில் மற்றவர்கள் ரிமோட்டில் படம் போடுகிறார்களா?

வெள்ளித்திரை

போடுகிறார்கள். ரிசீவர் பொத்தானை மட்டும் மறந்துவிட்டு, சத்தம் வரவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். இந்த வாரம் மேக்ரோ எழுதப் பார்க்கிறேன், வராவிட்டால் புது இழை திறக்கிறேன்.